பதிவு: ஜீவனஹள்ளி எத்திராஜ்

கிருத்திகாவுக்கு நாகஸ்வரம் பிடிக்கும் என்று சொன்னால் அது பாதிதான். நாகஸ்வரத்துக்காக அவள் யாரோடும் சண்டைக்குப் போவாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தருமபுரிக்காரி. பெங்களூரில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற வேலை. விவேக் நகரில் ஒரு மாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தாள். வீட்டில் சோபா கிடையாது, கட்டில்கூடக் கிடையாது. நல்ல ஸ்பீக்கர் மட்டும் ஒரு ஜோடி இருந்தது. பழைய வானொலி ஒலிபரப்புகள், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் யாரோ பிடித்த கேசட்டுகள், யாழ்ப்பாணத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிவைத்த திருவிழாப் பதிவுகள் என்று அவள் சேர்த்துவைத்திருந்ததை விடாமல் கேட்டால் மாசக்கணக்கில் கேட்கலாம்.

ஆனால் தனியாகக் கேட்டு என்ன செய்வது? ஒரு இடத்தில் உடம்பு சிலிர்க்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆளுக்கும் சிலிர்க்கிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறதே. அப்படித்தான் அவள் பழைய பதிவுகளைக் கூடிக் கேட்கிற ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியோடர் வீட்டு ஹாலில் கூடுவார்கள். தியோடர் டெலிபோன் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், சர்ச் பாடகர் குழுவில் இன்னமும் பாடுகிறவர். பழைய டேப் ரெக்கார்டர் எதுவானாலும் அவர் கை பட்டால் பேசும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் தன்னிடம் உள்ள பதிவொன்றைப் போடுவார். முடிகிற வரைக்கும் யார் வாசித்தது, எந்த வருஷம் என்று மூச்சு விடக் கூடாது. முதலில் காது, அப்புறம்தான் பெயர்.

குழுவில் பெரிய தலை சிவசங்கரன். வங்கி அதிகாரியாக இருந்தவர். வாய்ப்பாட்டுப் பதிவுகளில் அவரிடம் இல்லாதது ஊரில் யாரிடமும் இருக்காது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கிருத்திகா முதல்முறை தன் முறைக்கு நாகஸ்வரம் போட்டபோது அவர் எழுந்துபோய் வால்யூமைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. நாகஸ்வரம் வெட்டவெளிக்கு ஆனது. அதை ஹாலுக்குள்ள அடைச்சா கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கு."

"குறைச்சு வச்சுக் கேட்டா அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கிருத்திகா எழுந்துபோய்ப் பழைய அளவுக்கே ஏற்றிவைத்தாள். தியோடர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து சிவசங்கரனுக்கு அவள்மேல் ஒரு மரியாதை. ஆனால் நாகஸ்வரக்காரர்கள்மேல் வரவில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் கீழையூர் சபாநாயகம். சிவசங்கரன் கல்லூரி முடித்த புதிதில், அல்சூர் பக்கத்துக் கோயில் ஒன்றின் பல்லக்கு ஊர்வலத்தில் அவர் வாசித்ததைக் கேட்டாராம். கடைவீதி முனையில் பல்லக்கை இறக்கிவைத்துவிட்டார்கள். சபாநாயகம் காம்போதி ராகம் ஆரம்பித்தார். "பல்லக்கு நகரவே இல்லைம்மா. தூக்கறவங்களே தூக்க மறந்துட்டாங்க. நான் சைக்கிளைப் பிடிச்சுண்டு அப்படியே நின்னேன்" என்பார். வருஷத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

"பதிவு எதுவும் இல்லையா சார்?"

"அவர் மைக்கையே கிட்ட விடமாட்டார். ரேடியோவுல ரெண்டு சின்னத் துண்டு இருக்கு, அவ்வளவுதான். அந்தக் காம்போதி காத்தோட போச்சு."

அந்த இரண்டு சின்னத் துண்டுகளும் கிருத்திகாவிடம் இருந்தன. அவற்றில் ஒன்றை ஒருநாள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில், ஆள் அதிகம் இல்லாத நேரத்தில், போனிலேயே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜை துடைக்கிறவர்களை மேற்பார்வை பார்க்க வந்த சோனியா அங்கேயே நின்றுவிட்டாள். சோனியா அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணிக்கெல்லாம் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவள். அதட்டினால் மாடி முழுக்கக் கேட்கும்.

"இன்னா மேடம், நாயனமா? உங்க வயசுல இதெல்லாம் கேப்பாங்களா?"

"ஏன், பிடிக்காதா உங்களுக்கு?"

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. எங்கப்பாதான் பைத்தியம். மைக் செட் வெச்சிருந்தாரு. எந்தக் கோயில்ல மேளம்னாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவாரு. போனா டேப்புல புடிச்சுனு வருவாரு. ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல இதேதான். அம்மாவுக்கும் அவருக்கும் தெனம் பேஜாரு."

கிருத்திகா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அந்த டேப்பெல்லாம் இப்ப எங்க சோனியாக்கா?"

"பரண்ல கீது. சும்னே கெடக்குது. யாரு தொடறா?"

அந்த சனிக்கிழமையே கிருத்திகா ஜீவனஹள்ளியில் இருந்த சோனியா வீட்டுக்குப் போனாள். குறுகலான சந்து, கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. ஹாலில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும், பக்கத்தில் சோனியாவின் அப்பா எத்திராஜின் படமும். மீசையை முறுக்கிவிட்டு, கையில் மைக்கைப் பிடித்தபடி நிற்கிற எத்திராஜ்.

"எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து பௌத்தம்" என்றாள் சோனியா. "ஆனா அப்பா போகாத கோயில் வாசல் இல்லை. சாமி பாக்க இல்லை, நாயனம் கேக்க. 'சாமி உள்ளதான் இருக்கும், நாயனம் தெருவுக்கு வரும்'பாரு."

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே கேசட்டுகள். கிருத்திகா ஒவ்வொன்றாக எடுத்து முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றின்மேல் நீல மையில் 'சபா. அல்சூர் பல்லக்கு. காம்போதி. முழுசு' என்று எழுதியிருந்தது. அதை அவள் இரண்டு தடவை படித்தாள். சோனியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

கிருத்திகா கேசட்டைத் தியோடரிடம் கொண்டுபோனாள். உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு விழுந்துபோயிருந்தது, நாடாவின் ஓரத்தில் பூஞ்சை. தியோடர் நாடாவைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினார். முதலில் ஓட்டியபோது சுருதி தொங்கியது. ஒத்து ஊதுகிறவரின் ஒரே ஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு வேகத்தைத் திருத்தினார். "இப்ப பாருமா" என்று பொத்தானை அழுத்தினார்.

ஊர்வலத்துக்கென்று வாசிக்கிற மல்லாரி முடிகிற இடத்தில் தொடங்கியது பதிவு. தவில் ஓய்ந்தது. ஒத்து மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நீண்ட ஸ்வரம் வந்து உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற மாதிரி காம்போதியாக ஆயிற்று. கிருத்திகாவும் தியோடரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் இருவருக்குமே வெட்கமாகப் போயிருக்கும், அப்படி இருந்தது முகம்.

ஆனால் ஒரு சங்கடமும் இருந்தது. எத்திராஜ் பேசிக்கொண்டே இருந்தார். "தள்ளு தள்ளு, வயர்ல கால் வெக்காதே!" என்று யாரையோ விரட்டினார். "கொழந்தைய அந்தாண்ட தூக்கிக்கம்மா" என்றார். ராகம் மேலே ஏறி, இனி எங்கே போக முடியும் என்று நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறியபோது, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், "அய்யய்யோ… இன்னாமா போறாருய்யா!" என்றார். அந்த ஒரு இடத்தில் நாகஸ்வரமே அவர் குரலுக்குப் பின்னால் போய்விட்டது.

கிருத்திகா பல்லைக் கடித்தாள். எவ்வளவு பெரிய புதையல், அதன்மேல் இப்படி மண். அன்றிரவே சோனியாவுக்குப் போன் போட்டு, "உங்கப்பா புடிச்சது தங்கம் சோனியாக்கா. அவர் குரல்கூட இருக்கு" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த சில நாள் ஆபீஸ் முடிந்ததும் அதே வேலை. பேச்சை உருவி எடுத்து, உருவிய இடத்தில் நாகஸ்வரத்தை இழுத்து மூடி, இரைச்சலைத் தணித்து, கடைசியில் பதிவு பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. அந்த வேலைத்திறமையில் அவளுக்கே பெருமை தாங்கவில்லை. குழுவுக்குச் செய்தி போட்டாள்.

சிவசங்கரன் உடனே கூப்பிட்டார். அவராக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நிஜமாவா சொல்றே? அந்தக் காம்போதியா? கடைவீதி முனையா?"

"அதேதான் சார்."

"தெரு இரைச்சல் இருக்குமே?"

"சுத்தம் பண்ணிட்டேன் சார்."

"சபாஷ்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

எல்லோருக்கும் முன்னால் சோனியாவுக்குப் போட்டுக்காட்டுவதுதான் முறை என்று கிருத்திகாவுக்குத் தோன்றியது. வீட்டுக்கு அழைத்தாள். சோனியா நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டாள். கிருத்திகா அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். காம்போதி ஏறியது, இறங்கியது, முடிந்தது. கடைசியில் ஒரு கரகரத்த குரல், "புடிச்சியா?" என்று கேட்டது. சபாநாயகத்தின் குரல். அது உண்மையான பதிவுதான் என்பதற்குச் சாட்சியாக அந்த ஒரு பேச்சை மட்டும் கிருத்திகா விட்டுவைத்திருந்தாள். அதோடு நின்றது.

சோனியா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள், கிருத்திகாவைப் பார்த்தாள்.

"அப்பா எங்க மேடம்?"

"அவர் பேச்சை… தனியா எடுத்து வச்சிருக்கேன் சோனியாக்கா. உங்களுக்குத் தனியா அனுப்பறேன்."

"தனியாவா?" சோனியாவின் குரல் உயரவில்லை. அதட்டல் பழகிய அந்தக் குரல் இறங்கித்தான் போயிருந்தது. "அவரு கேக்கறாரு, 'புடிச்சியா'ன்னு. எங்கப்பா ஒண்ணும் பதில் சொல்லலியா? பெரிய மனுஷன் கேட்டா வாய மூடினு நிப்பாரா எங்கப்பா?"

"சொல்றார். நான்தான்…"

"எங்க வீட்ல அவரு குரல் எதுலயுமே இல்லை மேடம். போட்டோ கீது. குரல் இல்லை. நீங்க போன்ல சொன்னதுலேர்ந்து நான் தூங்கலை. அவரு சும்மா பேசியிருந்தா, அது பேச்சு, வெட்டிடலாம். அவரு நாயனத்துக்கிட்ட இல்ல பேசினாரு?"

கிருத்திகா எழுந்துபோய் வெட்டாத பதிவைப் போட்டாள்.

முதலில், முடிகிற மல்லாரிக்கு மேலாக, தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் மேடைக்காரனுக்கே உரிய கம்பீரத்தோடு ஒரு குரல்: "ஹலோ, மைக் டெஸ்டிங். வாசிக்கிறது கீழையூர் சபாநாயகம். புடிக்கிறது ஜீவனஹள்ளி எத்திராஜ். கேக்கறவங்க அமைதியா கேளுங்க."

சோனியா 'ஹா' என்று வாய்விட்டுச் சிரித்தாள். "அமைதியா கேளுங்கன்னுட்டு இவரு பேசுவாரு பாருங்க" என்றாள். 'தள்ளு தள்ளு'வுக்கு இன்னும் பலமாகச் சிரித்தாள். ராகம் அந்தக் கடைசிப் படி ஏறி, "அய்யய்யோ" என்ற குரல் வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

கிருத்திகாவுக்கு அப்போதுதான் காதில் ஏறியது. தான் மெழுகிச் சரிசெய்த பதிவில் அந்த இடத்தில் நாகஸ்வரம் வெறுமனே உயரம் ஏறியது. இதில், அதைக் கேட்டு ஒரு மனிதன் தாங்க முடியாமல் தவித்தான். சபாநாயகம் தெருவில் வாசித்தார், அதைத் தெருவே கேட்டது, கேட்டவர்களில் ஒருவன் பேசாமல் இருக்க முடியாமல் பேசிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் தியோடர் வீட்டில் தாங்களும் அதைத்தானே செய்கிறோம்? இவ்வளவு காலமும் அவள் தேடிய சக ரசிகன் அந்த டேப்புக்குள்ளேயே இருந்தான். அவனைத்தான் அவள் துடைத்து எறிந்திருந்தாள். சுத்தம் செய்த பதிவை சோனியாவின் கண்முன்னாலேயே அழித்தாள்.

பேச்சோடேயே போடப்போவதாகக் கிருத்திகா போனில் சொன்னது சிவசங்கரனுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டையும் வச்சுக்கோயேன். வேணுங்கறவா வேணுங்கறதைக் கேட்கட்டும்."

"ஒண்ணுதான் சார் இருக்கு. இன்னொண்ணை அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டியா?" போன் அதிர்ந்தது. "நான் ஆயுசு முழுக்கத் தவம் கிடந்த காம்போதி, அதுமேல ஒரு மைக் செட்காரர் கத்திண்டே இருப்பார், அதை நான் கேட்கணுமா?"

"அந்த மைக் செட்காரர் இல்லேன்னா காம்போதியே இல்லை சார். நீங்க சைக்கிளைப் பிடிச்சுட்டு நின்னீங்க. அவர் டேப்பைப் பிடிச்சுட்டு நின்னார்."

அவர் போனை வைத்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கிருத்திகாவுக்குத் தன் வாய்த்துடுக்கு பற்றி வருத்தம் வரவில்லை.

அந்த மாதக் கூட்டம் ஜீவனஹள்ளியில் நடந்தது. சோனியாதான் கேட்டாள்: "எங்கப்பா டேப்பு, எங்க வீட்ல போடுங்க." தியோடர் தன் பெரிய ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஹாலில் குழு ஆட்கள், வாசல்படியில் அக்கம்பக்கத்தவர்கள், சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எத்திராஜோடு பழகிய பெரியவர்கள். சோனியா மிளகாய் பஜ்ஜி போட்டு, இஞ்சி டீ வைத்து, ஆபீசில் மேஜை துடைக்கிறவர்களை அதட்டுகிற அதே குரலில் எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சிவசங்கரன் வரவில்லை. போட்டுவிடலாம் என்று கிருத்திகா எழுந்தபோது சந்து முனையில் அவர் தலை தெரிந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"வீட்டு நம்பரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை" என்றார், நாற்காலியில் அமர்ந்தபடி. "மைக் செட் எத்திராஜ் வீடுன்னேன். மூணு பேர் கூடவே வந்து விட்டுட்டுப் போறா."

அதைக் கேட்ட சோனியாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் கேட்காமலே முதல் டீ அவருக்குத்தான் போயிற்று.

முடிகிற வரைக்கும் பெயர் சொல்லக் கூடாது என்ற விதி அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை. "வாசிக்கிறது கீழையூர் சபாநாயகம், புடிக்கிறது ஜீவனஹள்ளி எத்திராஜ்" என்று ஸ்பீக்கரே சொல்லிவிட்டது. சந்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர் துள்ளி எழுந்தார். "டேய், நம்ம எத்திராஜுடா! அவன்தாண்டா!" அவரை உட்காரவைப்பதற்குள் காம்போதி வந்துவிட்டது. வந்தபிறகு அவரும் பேசவில்லை.

யாரும் வால்யூமைக் குறைக்கவில்லை. சிவசங்கரன் கண்ணை மூடியபடி இருந்தார். தொடையில் விரல்கள் மட்டும் அசைந்தன. 'தள்ளு தள்ளு, வயர்ல கால் வெக்காதே' என்ற இடத்தில் அவர் புருவம் ஒருமுறை சுருங்கியது. அவ்வளவுதான். ராகம் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தக் கடைசிப் படி வந்தது. "அய்யய்யோ… இன்னாமா போறாருய்யா!" என்று எத்திராஜ் அரற்றினார். ஹாலுக்குள்ளிருந்து இன்னொரு குரலும் அதே நேரம் "அய்யோ" என்றது. சிவசங்கரன்தான். அவர் சொன்னது அவருக்கே தெரிந்திருக்காது.

ராகம் முடிந்து தவில் ஒரு தட்டு தட்டி அடங்கியது. "புடிச்சியா?" என்றது அந்தக் கரகரத்த குரல்.

"புடிச்சேங்க."

"மைக் வேண்டாம்னு சொன்னேனே. யாருக்காகப் புடிச்சே?"

"எனக்குத்தாங்க. வேற யாருக்கு?"

சபாநாயகம் சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு. "அப்ப சரி. பத்திரமா வச்சுக்க."

சந்தே கைதட்டியது. பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சோனியா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பார்த்தீங்களா, பயப்படலை எங்கப்பா. நேரா பதில் சொன்னாரு" என்றாள். ஆபீசில் யார் எதிரிலும் அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்று கிருத்திகா பார்த்ததில்லை.

சிவசங்கரன் எழுந்து, எத்திராஜின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிளைத் தள்ளிண்டு ஒரு வயரைத் தாண்டினது நினைவிருக்கு" என்றார் மெதுவாக. "யாரோ அதட்டினார். என்னைத்தானோ என்னமோ." பிறகு திரும்பி, "கிருத்திகா, அந்த 'அய்யய்யோ' வர்ற இடத்தை இன்னொரு தடவை போடேன்" என்றார்.

மூன்று தடவை போட்டார்கள்.

அந்தப் பதிவு இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. சென்னையில் கேட்கிறார்கள், கும்பகோணத்தில் கேட்கிறார்கள், கனடாவில் கேட்கிறார்கள். சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அதற்கு 'எத்திராஜ் காம்போதி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வித்வானின் பெயர் போய்ப் பிடித்தவர் பெயர் நிற்கிறதே என்று முதலில் குறைப்பட்டவர் சிவசங்கரன்தான். இப்போது யாராவது வேறு மாதிரி சொன்னால் திருத்துகிறவரும் அவர்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கிருத்திகாவுக்கு எழுதியிருந்தார். அற்புதமான பதிவு, ஆனால் இடையிடையே பேச்சு இடைஞ்சலாக இருக்கிறது, பேச்சு இல்லாத பிரதி கிடைக்குமா என்று. ஆபீஸ் சாப்பாட்டு அறையில் கிருத்திகா அதை சோனியாவுக்குப் படித்துக் காட்டினாள். சோனியா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"வணக்கம் சார். நான் எத்திராஜோட பொண்ணு. அப்பா இல்லாத காம்போதி கிடையாது. இன்னும் நெறைய டேப்பு கீது, எல்லாத்துலயும் பேசுவாரு. வேணும்னா சொல்லுங்க, அனுப்பறோம்."

அனுப்பிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்து மேஜை சரியாகத் துடைக்கப்படவில்லை என்று சத்தம் போடப் போனாள்.